மூன்று பக்கம் விட்டு வாங்கிய கையெழுத்து

போன மாதம் ஒரு சான்றிதழ் வேலையாக உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்தபோது, உங்களில் ஒருவரைப் பார்த்து எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். புதிதாக வேலைக்கு வந்த பெண். கிராம சபைக் கூட்டத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் தீர்மானப் புத்தகத்தைப் பையில் திணித்துக்கொண்டே, "மொதல்ல கையெழுத்த வாங்கிட்டா பாதி வேலை முடிஞ்சிடும். எழுதறத வந்து எழுதிக்கலாம்" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. புத்தகத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. யாரோ ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் படியிறங்கும்போது, "பெருசுக்கு பிரஷர் போல" என்று உள்ளே ஒருவர் சொன்னது காதில் விழுந்தது.

பிரஷர் இருக்கிறது, மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஆனால் அன்றைக்குக் கத்தியது அதனால் இல்லை. புத்தகத்தைப் பிடுங்கியதற்கு அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கத்தியதற்குக் கேட்க மாட்டேன். ஏன் என்பதை எழுதி அனுப்புகிறேன். டீ நேரத்தில் படியுங்கள். படித்து முடித்த பிறகு என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள்.

புதுச்சேரியின் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகங்களில் முப்பத்து மூன்று வருஷம் எழுத்தராக இருந்தேன். கையெழுத்தை முதலில் வாங்கும் வித்தையை எனக்குக் காட்டியவர் என் முதல் தலைமை எழுத்தர். நல்ல மனிதர். ஒரு கிழவியைக்கூட இரண்டாம் தடவை அலைய விட்டதில்லை. நல்லவர்கள் பழக்கிவிடும் கெட்ட பழக்கம் லேசில் போகாது என்பதை நான் அவரை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"கிராம சபைக்கு வர்றவன் கூலிக்காரன்யா. ஒம்போது மணிக்கு வந்தான்னா ஒம்போதரைக்கு நடவுக்குப் போவணும். நீ குனிஞ்சி பக்கம் பக்கமா எழுதிட்டு நிமுந்து பாத்தா எதிர்ல வெறும் நாற்காலிதான் இருக்கும். தேதியும் தலைப்பும் எழுது. மூணு பக்கத்த உடு. நாலாவது பக்கத்துல கையெழுத்த வாங்கு. போறவன் போவட்டும். நீ ஆபீசுக்கு வந்து ஆற அமர எழுது" என்றார்.

அதில் நான் குருவை மிஞ்சிய சிஷ்யன் ஆனேன். கூட்டம் எவ்வளவு பேசும் என்பதை வந்தவர்கள் முகத்தைப் பார்த்தே கணித்து அத்தனை பக்கம் விடுவேன். தெருவிளக்கு என்றால் ஒன்றரைப் பக்கம். சாக்கடை என்றால் இரண்டு. குளம் தூர்வாருவது என்றால் மூன்று. கோயிலை ஒட்டின இடத்தகராறு என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து. நான் எழுதி முடிக்கும் கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் வைக்க இடம் இருக்காது. பக்கத்து அலுவலகத்துக்காரர்கள் வந்து புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மெச்சிவிட்டுப் போவார்கள். எனக்கும் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளத் தோன்றும்.

முப்பது வருஷம் இதனால் எந்தக் கெடுதலும் வரவில்லை. அவர்கள் பேசியதைத்தான் நான் எழுதினேன். எழுதுகிற கை யோக்கியமாக இருந்தவரை வெற்றுப் பக்கம் ஒன்றும் செய்யவில்லை. அந்தக் கை என்னுடையதாகவே இருக்கும் என்று நான் நம்பியதுதான் மடத்தனம்.

பிறகு காற்றாலைத் திட்டம் வந்தது.

எந்தக் கொம்யூன், எந்த ஊர் என்று சொல்லப் போவதில்லை. கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே போகிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து ஊர்ப் பொது மேட்டில் ஓர் உயரமான கம்பத்தை நட்டுக் காற்றை அளந்தார்கள். ஒரு வருஷம் அது அங்கே நின்றது. கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பிகளில் ஊர்ஜனங்கள் ஆடு கட்டினார்கள், போர்வை காயப்போட்டார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிற்பாடு அந்த ஊரைப் பற்றிப் பேசிய பெரிய மனிதர்கள் எல்லாம், "அந்த ஜனங்களுக்கு எது வந்தாலும் பிடிக்காது, வளர்ச்சின்னாலே அலர்ஜி" என்றார்கள். ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்கள். அந்த ஏசிக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி எவன் வயலுக்கு மேல் போகிறது என்று அவர்களில் ஒருவருக்காவது தெரியுமா?

காற்றாடிக் கோபுரங்கள் நிற்கப்போகும் மணிலாக்கொட்டை நிலத்தை, நகரத்தில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் கம்பெனி ஏற்கெனவே பேசி முடித்துவிட்டது. அதற்கு ஊரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நீள இறக்கைகளை ஏற்றிவரும் லாரிக்கும் கிரேனுக்கும் வழி வேண்டும். அந்த வழி ஊர்ப் பொது நிலத்தின் ஊடாக, பாசன வாய்க்காலுக்குக் குறுக்கே போனது. அதற்கு ஊரின் சம்மதம் தேவைப்பட்டது. பஞ்சாயத்துத் தேர்தல் நடக்காமல் வருஷக்கணக்கில் கிடந்த காலம் அது. தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை, எல்லாம் அதிகாரிதான். ஊர் வாய் திறக்க இருந்த ஒரே இடம் கிராம சபை. அது பேசியதைப் பிடித்துவைக்க இருந்த ஒரே இடம் என் தீர்மானப் புத்தகம்.

கூட்டம் பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. கிராம சபைக்கு ஷாமியானா போட்டு நான் பார்த்தது அன்றுதான். நாற்காலிக்கு உறை மாட்டியிருந்தார்கள். ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் வேறு. நான் வாசலில் மேஜை போட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தேதி எழுதினேன், தலைப்பு எழுதினேன், மூன்று பக்கம் விட்டேன்.

முதலில் வந்தவர் அந்தோணியம்மா. மாதா கோயிலுக்குப் பின்னால் கடைசித் தெருவில் வீடு. ஐம்பது வயதிருக்கும். விவரம் தெரிந்த நாளிலிருந்து அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். புருஷன் உயிரோடு இருந்தபோது இருவருமாகச் சேர்ந்து வாங்கிய ஐம்பது குழி, அதாவது அரைக்காணி நிலம், அந்த வாய்க்காலின் கடைமடையில் இருந்தது. அவருக்குப் பின்னால் அவரோடு நடவுக்குப் போகும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அன்றைக்குச் சோரியாங்குப்பம் பக்கம் நடவு வேலை இருந்தது. அதனால் எல்லோருக்கும் அவசரம்.

அந்தோணியம்மா பேனாவை வாங்கிக்கொண்டு பக்கத்தைப் பார்த்தார்.

"இதுல இன்னா சார் எழுதியிருக்குது?"

"ஒண்ணும் எழுதலம்மா. வந்ததுக்குத்தான் கையெழுத்து. நீ போடு. உன்னப் பாத்துதான் மத்தவங்க போடுவாங்க."

அவர் போட்டார். முதலில் சின்னதாக ஒரு சிலுவை, பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயர். கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவர், நாற்பது வயதுக்கு மேல் முதியோர் வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து அது. சொன்னபடியே அவரைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். கூட்டம் தொடங்குவதற்குள் நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து சேர்ந்துவிட்டது.

கம்பெனி சார்பில் வந்தவர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். "காத்து சும்மாதான வீசுது? அத மின்சாரமா மாத்தறோம். புகை கிடையாது, கழிவு கிடையாது" என்றார்.

அந்தோணியம்மா எழுந்து நின்றார். "காத்து வாணாம்னு யாரு சொன்னா? நல்லா புடிச்சிக்க. நீ வர்ற வழிய சொல்லு. வாய்க்கா மேல எப்பிடி போவ?"

அந்த இளைஞர் வரைபடத்தைக் காட்டினார். வாய்க்கால் அதில் நூல் மாதிரி ஒரு நீலக்கோடு. "இங்க மண் கொட்டி ரோடு போட்டு, அடியில பைப் வெச்சிடுவோம்மா."

"எம்மாம் பெரிய பைப்பு?"

அவர் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. அந்தோணியம்மா சிரிக்கவில்லை.

"ஐப்பசில ஒரு நாளு வந்து நின்னு பாரு சார். ஆகாயத்தாமரையும் முள்ளும் குப்பையும் அடிச்சிகினு வரும். இந்தப் பைப்பு ஒரே நாளுல அடைச்சிக்கும். மேலாண்ட எங்க வூட்டுக்குள்ள தண்ணி பூரும். கீழாண்ட எங்க வயலு காயும். ரெண்டுக்கும் நடுவுல உன் லாரி போவும்."

சேகர் என்று ஒரு லாரி டிரைவர், அந்த ஊர்க்காரர்தான், பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "பைப்பு வாணாம் சார். பாலம் கட்டு. பாலத்த கட்டிட்டு ரோடு போடு. நாங்களே வந்து மண்ணு கொட்றோம்."

கம்பெனிக்காரர் தாளைப் புரட்டினார். "பாலம் திட்டத்துல இல்லீங்க."

"அப்ப எங்க சம்மதமும் இல்ல."

அவ்வளவுதான் அந்த ஊரின் எதிர்ப்பு. கல்லெறியவில்லை, கொடி பிடிக்கவில்லை, மின்சாரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. வாய்க்காலுக்கு மேல் பாலம் கேட்டார்கள். பாலம் இல்லாவிட்டால் வழி இல்லை என்று மைதானம் முழுக்கக் கை தூக்கினார்கள். மனசாட்சி உள்ள எந்தப் பொறியாளரும் அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே அந்தப் பாலத்தைத் திட்டத்தில் போட்டிருப்பார். நானும் மூன்று பக்கம் சரியாக இருக்கும் என்று நினைத்தபடி புத்தகத்தை மூடினேன்.

மறுநாள் காலையில் என் மேலதிகாரி கூப்பிட்டார். போனேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் இன்னும் எழுதல?" என்றார்.

"இன்னிக்கு எழுதிடறேன் சார். ஊர் ஒத்துக்கல. பாலம் கேக்குறாங்க."

"ஒத்துக்கலன்னு யார் சொன்னா? நூத்துப் பன்னெண்டு கையெழுத்து இருக்கே."

"அது வந்ததுக்குப் போட்டது சார்."

"வந்ததுக்குன்னு எங்க எழுதியிருக்கு?"

நான் பக்கத்தைப் பார்த்தேன். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. எழுதாமல் விட்டவன் நான்.

"புத்தகத்த வெச்சிட்டுப் போங்க. நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு ஓய்வு பெற இன்னும் பதினெட்டு மாதம் இருந்தது. பேனா என் சட்டைப்பையில் இருந்தது. அந்தக் கையெழுத்துகளுக்கு மேலே "கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்து மட்டும்" என்று ஒரே ஒரு வரி எழுத அரை நிமிஷம் போதும். அவர் கண்ணெதிரிலேயே எழுதியிருக்கலாம். அதிகபட்சம் என்ன நடந்திருக்கும்? கத்தியிருப்பார். வேறு ஊருக்கு மாற்றியிருப்பார். தலையையா வாங்கிவிடுவார்? நான் எழுதவில்லை. "சரி சார்" என்று சொல்லிவிட்டு, பொய்யை எழுதப்போவது நான் இல்லையே, என் கை சுத்தம்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டேன்.

மறுநாள் புத்தகம் திரும்பி வந்தது. யாருடையதோ முத்து முத்தான எழுத்து. "மேற்படி பாதைக்கு நிபந்தனையின்றி ஒருமனதாகச் சம்மதம் தெரிவித்து" என்று ஆரம்பித்து மூன்று பக்கம். கடைசி வரிக்கும் அந்தோணியம்மாவின் சிலுவைக்கும் நடுவில் ஒரு விரல் வைக்க இடமில்லை. என் பக்கக் கணக்கு அந்த முறையும் தப்பவில்லை. புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மூன்று வாரம் கழித்து மண் லாரிகள் வாய்க்காலுக்கு வந்தன. ஊர் ஓடிப்போய் வாய்க்காலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அங்கே வந்த அதிகாரி ஒருவர் தீர்மானத்தின் நகலை எடுத்து விரித்து உரக்கப் படித்தார். "இன்னாத்துக்கு மறிக்கிறீங்க? உங்க ஊரே ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கு. மொத கையெழுத்து அந்தோணியம்மா. இங்க இருக்காங்களா?" என்று கேட்டார். இடுப்பளவு தண்ணீரில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவரே அவர்தான். ஊர் முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தது.

அன்றைக்கு ஊர் எழுந்திருக்கவில்லை. லாரிகள் திரும்பிப் போய்விட்டன. ஆனால் நூற்றுப் பன்னிரண்டு பேர் போட்ட கையெழுத்து, அன்று சாயங்காலத்துக்குள் ஒருத்தி போட்ட கையெழுத்தாக ஆகிவிட்டது. "இவ எவ்வளவு வாங்கினா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். இருபது வருஷம் அவரோடு ஒரே வரப்பில் குனிந்து நட்ட பெண்கள் அவரை நடவுக்குக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். விடிகாலையில் நடவு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் அவர் வாசலில் நிற்காமல் போனது. எங்கள் பக்கத்தில் நடவுக் கூட்டம் ஒருத்தியைத் தள்ளிவைத்தால், அவளுக்கு வேறு கூட்டத்திலும் இடம் கிடைக்காது. ஏற்கெனவே நிலத்துக்கு வரும் தண்ணீர் நின்றுபோகும் என்ற பயம். இப்போது கூலியும் போயிற்று, பெயரும் போயிற்று.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவரே அலுவலகத்துக்கு வந்து என் மேஜை முன்னால் நின்று சொன்னார். கத்தவில்லை, அழவில்லை. எங்கிருந்தோ வாங்கிவந்த நகலை என் முன்னால் வைத்தார்.

"இது என் கையெழுத்துதான சார்?"

"ஆமாம்மா."

"நான் வாணாம்னுதான சொன்னன்?"

"ஆமா."

"நீதான போடச் சொன்ன?"

பக்கத்து மேஜைகளில் எல்லோரும் திடீரென்று தலையைக் குனிந்து மும்முரமாக வேலை பார்க்க ஆரம்பித்தார்கள். அந்தோணியம்மா இடுப்பில் செருகியிருந்த பள்ளிக்கூட நோட்டு ஒன்றை எடுத்தார். நடுவில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் தள்ளினார்.

"இதுல உன் கையெழுத்த போடு சார்."

"எதுக்கு?"

"நீ போடு. எழுத வேண்டியத நான் அப்பறமா எழுதிக்கிறன்."

பேனாவைக் கையில் எடுத்தேன். நான் சொல்வதை நம்புங்கள், கை அந்தத் தாளில் இறங்கவே இல்லை. அதில் என்ன வேண்டுமானாலும் எழுதலாமே என்று நினைத்தேன். என் வீட்டைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளலாம், நான் வேலையை விட்டுவிட்டதாக எழுதலாம். ஒரு கூலிக்காரப் பெண்ணின் நோட்டில் கையெழுத்துப் போட எனக்குப் பயமாக இருந்தது. முப்பது வருஷமாக எத்தனை ஆயிரம் பேரை இப்படிப் போட வைத்திருக்கிறேன் என்பது அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது.

"பயமா இருக்குதில்ல?" என்றார். "எனக்கு அன்னிக்கு பயமா இல்ல சார். நீ சொன்னியேன்னு போட்டன்."

இதற்கு மேல் மனிதன் எதற்காகக் காத்திருப்பான்? அந்த நோட்டுப் பக்கத்திலேயே எழுத ஆரம்பித்தேன். கூட்டத்தில் கையெழுத்து வாங்கியபோது பக்கங்கள் வெறுமையாக இருந்தன, வாங்கியவன் நான், ஊர் பாலம் இல்லாமல் வழி தர மறுத்தது, இப்போது புத்தகத்தில் இருக்கும் எழுத்து என்னுடையது அல்ல, அது ஊர் பேசியதும் அல்ல என்று எழுதினேன்.

"படி" என்றார். படித்தேன். "நிறுத்திப் படி சார்." நிறுத்திப் படித்தேன். பக்கத்து மேஜைகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன.

"ஒண்ணு உட்டுட்ட" என்றார். "இதுல இன்னா எழுதியிருக்குதுன்னு நான் கேட்டன். ஒண்ணும் எழுதல, வந்ததுக்குத்தான்னு நீ சொன்ன. அதையும் எழுது."

எழுதினேன். அந்த ஒரு வரிதான் பிறகு என்னைப் பிடித்தது. தவறுதலாக நடந்தது என்று சொல்லித் தப்பிக்க இருந்த வழியை அந்த வரி அடைத்துவிட்டது. கடைசி வரிக்கு அடியிலேயே, இடம் விடாமல், கையெழுத்துப் போட்டேன். அவர் நோட்டை வாங்கி வரிக்கும் கையெழுத்துக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு இடுப்பில் செருகிக்கொண்டார்.

அந்தத் தாளை அந்தோணியம்மா மனுவோடு சேர்த்து மேலிடத்துக்கு அனுப்பினார். விசாரணை வந்தது. விசாரணை அதிகாரியோடு அதே பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், ஷாமியானா இல்லாத வெயிலில் நின்று, நான் எழுதியதை ஊர் முன்னால் வாய்விட்டுப் படித்தேன். சேகர் எழுந்து, "இத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

சம்மதம் ரத்தானது. புதிதாகக் கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு வரியும் எழுதி, படித்துக் காட்டி, திருத்திய பிறகுதான் ஊர் பேனாவைத் தொட்டது. காலையில் ஆரம்பித்த கூட்டம் முடிய மத்தியானம் இரண்டு மணி ஆயிற்று. அன்றைக்கு யாரும் நடவுக்குப் போகவில்லை. தீர்மானம் என்னவோ பழையதுதான்: பாலம் கட்டு, வழி எடுத்துக்கொள்.

மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புத்தகத்தை வைத்துவிட்டுப் போகச் சொன்ன அதிகாரி மாற்றலாகிப் போனார், முன்பைவிடப் பெரிய அறைக்கு. முத்து முத்தாக எழுதிய கை யாருடையது என்று கடைசிவரை யாருக்கும் "தெரியவில்லை". எனக்குக் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. வர வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஓய்வு பெற்ற அன்று பூமாலையும் இல்லை, சால்வையும் இல்லை. டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். காற்றாலை இன்னும் வரவில்லை, பாலமும் வரவில்லை, கோப்பு ஏதோ ஒரு மேஜையில் தூங்குகிறது. கேட்டால், "ஊர் எதிர்ப்பால் திட்டம் தாமதம்" என்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். ஊரா தாமதம் செய்தது? ஒரு பாலத்துக்கு மனசு வராதவர்கள் தாமதம் செய்தார்கள். அதை மறைக்க ஒரு பொய்த் தீர்மானத்தை எழுதினார்கள். அதற்கு இடம் விட்டுக் கொடுத்தவன் நான்.

அந்தோணியம்மாவைப் போன தை மாதம் கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கையில் நாற்றுமண் காய்ந்திருந்தது. நடவுக்குத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் போல என்று எனக்குச் சந்தோஷம்.

"இப்ப ஊருல எல்லாரும் நம்பறாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"பாதி பேரு நம்பிட்டாங்க சார்."

"மீதி பேரு?"

"நான் உனக்கும் துட்டு குடுத்துதான் அந்த நோட்டுல எழுதி வாங்கனன்னு சொல்றாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வீட்டு வாசலில் வேன் மறுபடியும் நிற்கிறது. ஆனால் அதில் பாதிப் பேர் அவரைப் பார்க்கும்போது இன்னும் என் புத்தகத்தின் நாலாவது பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். அதை நான் எந்தத் தாளில் எழுதித் திருத்துவேன்?

உங்களுக்கு நேரமில்லை என்பது எனக்குத் தெரியும். ஆள் பற்றாக்குறை, ஒரே நாளில் நாலு ஊரில் கூட்டம், மேலிடத்திலிருந்து போன் மேல் போன். எனக்கும் இதெல்லாம் இருந்தது. நான் என்ன சொன்னாலும், கிழவன் புலம்புகிறான், எங்கள் புத்தகத்தை யார் எடுத்து எழுதப்போகிறார்கள் என்று உங்களில் சிலருக்குத் தோன்றும். அதனால் வாதம் செய்யப் போவதில்லை.

இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இருக்கும் எல்லோரும் அதன் அடிப்பாகத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டு, பெயரும் பதவியும் எழுதி, எனக்குத் திருப்பி அனுப்புங்கள். என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டு அன்றைக்குக் கூட்டத்துக்குப் போன அந்தப் பெண் முதலில் போடட்டும், அவரைப் பார்த்து மற்றவர்கள் போடுவார்கள். மேலே என்ன எழுதுவது என்பதை நான் அப்புறம் எழுதிக்கொள்கிறேன்.